பட்டினி கிடந்தால் குணமாகுமா?

இரண்டு மாதங்களுக்கு முன் தென்மராட்சியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு அக்காவின் பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி இருந்த பகுதியைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றி ஐந்து வாரங்களாகியிருந்தன. காயம் ஆறிவிட்டது. ஆனால் அவர் மிகவும் மெலிந்திருந்தார்.

2013 இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்ட பின், மகரகமவுக்கு அலையும் அலைச்சல் நம்மவர்க்குக் குறைந்தது. ஆனால் தென்மராட்சியிலிருந்து அங்கு போகவும் இரண்டு பஸ் ஏற வேண்டும். அதனால் கிளினிக்குக்கு முதல் நாள் மத்தியானத்திலிருந்தே அக்கா பட்டினி.

"சாப்பிட்டால் தானே தங்கச்சி ஓட வேணும்? பஸ்ஸில வச்சு வந்திட்டால் என்ன செய்யிறது?" என்றார்.

அவருடைய பயம் நியாயமானதே. உணவிலுள்ள நீரை உறிஞ்சி மலத்தை இறுக்குவது பெருங்குடலின் வேலை. அதில் ஒரு பகுதி குறைந்தால் மலம் இளகும். பல தடவை போகவும் நேரும். மிஞ்சிய குடல் பழகச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை செல்லலாம். ஆனால் பட்டினி இதற்கு மருந்தல்ல. வெறுங்குடலில் வாயு சேரும், உடலும் தளரும்.

மூன்று வேளை வயிறு நிறைய உண்பதை விட்டு, ஐந்தாறு தடவை சிறிது சிறிதாக உண்ணலாம். வெள்ளையரிசிக் கஞ்சி, குழைந்த சோறு, வெள்ளை மா இடியப்பம், அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், தயிர், மீன், முட்டை என்பன ஆரம்பத்தில் ஏற்றவை. உறைப்பு, பொரியல், பலாப்பழம், கடலை, கோவா, ஒடியற் கூழ் ஆகியவற்றைச் சில வாரம் தள்ளி வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது ஒத்துவரவில்லை என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். வயிறு அதிகம் போனால் ஜீவனியைப் பைக்கற்றில் உள்ள அளவுப்படி கரைத்துக் குடியுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.

எல்லாம் கேட்ட அக்கா மெல்லச் சொன்னார்: "ஆறு பேருக்குச் சமைக்கிறன். எனக்கெண்டு தனிச் சட்டி வைக்கிறதே?"

சகோதரிகளே, நம்மில் பலருக்கு உள்ள நோய் இதுதான். தனிச் சட்டி தேவையில்லை. கறிக்குத் தூள் போட முதல் இரண்டு அகப்பை எடுத்து வைத்தால் போதும். அன்று மகளே எழுந்து வந்து அதைச் செய்தாள்.

மலத்தில் இரத்தம், காய்ச்சல், வயிறு ஊதி வாந்தி, மலமும் வாயுவும் போகாமை ஆகியவற்றில் ஏதாவது கண்டால் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சென்ற வாரம் அக்காவைச் சந்தித்தேன். பேரனின் பழைய கொப்பியில் குறித்துப் பார்த்ததில், பால் தேத்தண்ணீர்தான் குழப்படி என்று கண்டுபிடித்திருக்கிறார். கடைசிக் கிளினிக்குக்கு இடியப்பமும் உறைப்பில்லாத சொதியும் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாராம். மாற்று உடுப்பொன்றும் பையில் இருந்ததாம். அதை எடுக்கத் தேவை வரவில்லை.