நூறு புள்ளிக்குப் பில் கட்டியது யார்?

"மெஸ்ஸியா, ரொனால்டோவா?" என்று ஒருத்தன் ஆரம்பித்தால் போதும். ஹாஸ்டலில் அன்றைக்கு ராத்திரி இரண்டு மணி வரை யாருக்கும் தூக்கம் கிடையாது. அந்தச் சண்டையில் இரண்டு கோஷ்டியும் தவறாமல் எடுத்துப் போடும் துருப்புச்சீட்டு ஒன்று உண்டு. ஸ்பெயினின் லா லிகா, 2011-12 சீஸன். மெஸ்ஸி கோஷ்டி, "ஒரே லீக் சீஸன்ல 50 கோல்டா!" என்று கத்தும். ரொனால்டோ கோஷ்டி, "46 கோல், ஆனா கப்பு எங்க கையில" என்று பதில் கொடுக்கும். மொரின்யோவின் ரியல் மாட்ரிட் 38 ஆட்டத்தில் 32 வெற்றி, 121 கோல், சரியாக 100 புள்ளி. கார்டியோலாவின் பார்சிலோனா 114 கோல் போட்டு, 91 புள்ளி எடுத்து, இரண்டாம் இடம்.

உலக கால்பந்தின் பொற்காலம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் அதே புள்ளிப்பட்டியலில் இந்த இரண்டு கோஷ்டியும் படிக்காமல் விடும் ஒரு வரி இருக்கிறது. மூன்றாவது வரி.

வாலென்சியா, 61 புள்ளி.

இன்னொரு முறை படியுங்கள். முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே 39 புள்ளி. அந்த மூன்றாம் இடத்துக்கும் கடைசி இடமான இருபதாம் இடத்துக்கும் (ராசிங் சான்டாண்டர், 27 புள்ளி) நடுவே 34 புள்ளிதான்! அதாவது லீக்கின் மூன்றாவது சிறந்த அணி சாம்பியனுக்கு இருந்த தூரத்தை விட, லீக்கிலேயே மோசமான அணிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. இதற்குப் பெயர் போட்டியா? இரண்டு பேர் காரில் போகிறார்கள், பதினெட்டு பேர் நடந்து போகிறார்கள். யார் முதலில் வந்தது என்று கேட்டு அதில் சாதனை வேறு எழுதிக்கொள்கிறார்கள்.

ஸ்டிரைக்கில் ஆரம்பித்த சீஸன்

இந்தப் "பொற்கால" சீஸன் எப்படி ஆரம்பித்தது என்பது ரசிகர்களில் பலருக்கு ஞாபகமே இல்லை. அது ஆரம்பிக்கவே இல்லை! 2011 ஆகஸ்ட்டில் முதல் வார ஆட்டங்கள் நடக்கவில்லை. ஆட்டக்காரர்கள் சங்கம் ஸ்டிரைக். காரணம், சம்பள பாக்கி. முதல் இரண்டு டிவிஷன்களிலும் சேர்த்து சுமார் 200 ஆட்டக்காரர்களுக்கு சுமார் 50 மில்லியன் யூரோ பாக்கி நின்றது. கால்பந்து ஆட்டக்காரன் என்றாலே கோடீஸ்வரன் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஸ்டிரைக் செய்தவர்கள் பெராரி காரில் வருகிறவர்கள் இல்லை. மாதக் கணக்கில் சம்பளம் வராமல், வீட்டு வாடகைக்கு யோசித்தவர்களும் அதில் உண்டு.

அந்தச் சமயத்தில் ராசிங், சரகோசா, ராயோ வயேகானோ, பெட்டிஸ் என்று முதல் டிவிஷன் கிளப்புகளே கடனைக் கட்ட முடியாமல் நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்தன. அதே கோடையில் பார்சிலோனா ஃபேப்ரிகாஸையும் அலெக்ஸிஸ் சான்செஸையும் வாங்கியது. ரியல் மாட்ரிட், ஃபாபியோ கோயென்ட்ராவோ என்ற ஒரு லெஃப்ட் பேக்குக்கு மட்டும் சுமார் 30 மில்லியன் யூரோ கொடுத்தது. ஒரே லீக். ஒரே கோடை.

பாகம் பிரித்த லட்சணம்

இந்த ஏற்றத்தாழ்வு வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1990களின் பிற்பகுதியிலிருந்து ஸ்பெயினில் ஒவ்வொரு கிளப்பும் தன் டிவி உரிமையைத் தனித்தனியாக விற்றுக்கொள்ளலாம் என்று ஆனது. இங்கிலாந்தில் பிரீமியர் லீக் 1992-ல் பிறந்ததிலிருந்தே எல்லா கிளப்பும் சேர்ந்து விற்று, பிறகு பிரித்துக்கொள்கின்றன. தனித்தனியாக விற்றுப் பார்த்த இத்தாலி கூட 2010-ல் கூட்டு விற்பனைக்குத் திரும்பிவிட்டது.

விளைவைப் பாருங்கள். 2011-12-ல் இங்கிலாந்தில் டிவி பணத்தில் அதிகம் வாங்கிய மான்செஸ்டர் சிட்டிக்கு சுமார் 60 மில்லியன் பவுண்ட். குறைவாக வாங்கிய, கடைசி இடத்தில் வந்து வெளியேறிய வுல்வ்ஸுக்கு சுமார் 39 மில்லியன். ஒன்றுக்கு ஒன்றரை. ஸ்பெயினில் ரியலுக்கும் பார்சிலோனாவுக்கும் ஆளுக்கு 140 மில்லியன் யூரோ அளவில். அடிமட்டத்தில் இருந்த கிளப்புகளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. அந்த வருடம் ரியல் மாட்ரிட்டின் மொத்த வருமானம் 512 மில்லியன் யூரோ. 500 மில்லியனைத் தாண்டிய உலகின் முதல் விளையாட்டு கிளப் என்று கொண்டாட்டம் வேறு. ஊரே சம்பளம் கேட்டு ஸ்டிரைக் செய்த வருடத்தில்!

"பார்க்கிறவன் அவங்களைத்தானே பார்க்கிறான்?"

உடனே வரும் வாதம் இதுதான். "டிவியில ஜனங்க பார்க்கிறது ரியலையும் பார்சாவையும். அப்போ காசும் அவங்களுக்குத்தானே? ராசிங் சான்டாண்டரை யாருய்யா பார்க்கிறான்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வணிகவியல் முதல் வருடம் படிப்பவன் கூட இதில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவான்.

ரியல் மாட்ரிட் தனியாக எதை விற்க முடியும்? பதினொரு பேர் பயிற்சி செய்யும் காட்சியை விற்க முடியுமா? ஆட்டம் என்ற சரக்குக்கு இரண்டு உற்பத்தியாளர்கள் வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை வராது. ரியலும் பார்சிலோனாவும் ஒரு சீஸனில் லீக்கில் மோதுவது இரண்டே முறை. மீதி 36 ஆட்டத்துக்கு எதிரில் நிற்க ஆள் வேண்டும். அந்த 121 கோலும் யாரோ ஒருவரின் வலைக்குள்தான் விழுந்தது. பங்குதாரர்கள் ஒப்பந்தம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை என்றால் லாபத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்பது பார்ட்னர்ஷிப் பாடத்தின் அரிச்சுவடி. அத்தனை சமம் கூட யாரும் கேட்கவில்லை. பெரியவனுக்குப் பெரிய பங்கு இருக்கட்டும். பத்துக்கு ஒன்று என்பது பங்கு இல்லை, பிச்சை.

"மத்தவங்களுக்கு ஆடத் தெரியலை"

அடுத்த சப்பைக்கட்டு இது. காசு காரணம் இல்லை, மற்ற அணிகள் மொக்கை என்பது. சரி, அதே சீஸனின் யூரோப்பா லீக்கைப் பார்ப்போம். அரையிறுதிக்கு வந்த நான்கில் மூன்று ஸ்பெயின் அணிகள். அத்லெடிகோ மாட்ரிட், வாலென்சியா, அத்லெடிக் பில்பாவ். புக்கரெஸ்டில் நடந்த இறுதியில் அத்லெடிகோ, பில்பாவை 3-0 என்று வென்றது. இந்த அத்லெடிகோ சொந்த லீக்கில் ஐந்தாம் இடம், 56 புள்ளி. பில்பாவ் பத்தாம் இடம், 49 புள்ளி. ஐரோப்பாவின் மற்ற நாட்டு அணிகளையெல்லாம் ஓட ஓட விரட்டியவர்கள், சொந்த நாட்டில் சாம்பியனை விட ஏறக்குறைய பாதிப் புள்ளியில் நின்றார்கள். திறமை இருந்தது. திறமையை வைத்துக்கொள்ளத்தான் காசு இல்லை.

வாலென்சியாவையே எடுத்துக்கொள்ளலாம். 2010-ல் டேவிட் வியாவை பார்சிலோனாவுக்கு விற்றது, டேவிட் சில்வாவை மான்செஸ்டர் சிட்டிக்கு விற்றது. 2011-ல் மாட்டா செல்சிக்குப் போனார். 2012-ல் ஜோர்டி ஆல்பா, அதே பார்சிலோனாவுக்கு. மூன்றாம் இடத்தில் வருகிறவன் வருடா வருடம் தன் நல்ல ஆட்டக்காரனை முதல் இரண்டு பேரில் ஒருவனுக்கோ வெளிநாட்டுக்கோ விற்றுத்தான் வட்டி கட்ட முடிகிறது என்றால், அவன் எப்படி முதலிடம் வருவான்?

இதில் வாலென்சியா மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. தகுதிக்கு மீறி ஒரு புது ஸ்டேடியம் கட்ட ஆரம்பித்து, 2009-ல் வேலை நின்று, பதினைந்து வருடத்துக்கு மேல் வெறும் கான்கிரீட் கூடாக நின்றது. சின்ன கிளப் தலைவர்கள் எல்லாம் புத்தர்கள் இல்லை. டிவி பங்கை எதிர்த்து 2011-ல் மற்ற கிளப்புகளைக் கூட்டிப் பேசிய செவியா தலைவர் டெல் நீடோவே பின்னால் ஒரு ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார். ஆனால் சொன்னவன் யோக்கியன் இல்லை என்பதால் சொன்ன கணக்கு தப்பாகிவிடாது.

மே 13, 2012

இந்த சீஸனின் உண்மையான கதை கடைசி நாளில் இருக்கிறது. பெர்னபியூ மைதானத்தில் ரியல் மாட்ரிட் மயோர்காவை 4-1 என்று அடித்து நூறாவது புள்ளியைத் தொட்டது. வாணவேடிக்கை, பாட்டு, கூத்து.

அதே நாளில் வில்லாரியல் ஊரில் வேறு காட்சி. ஐம்பதாயிரம் பேர் வாழும், டைல்ஸ் தொழிலை நம்பியிருக்கும் சின்ன ஊர். 2006-ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போன கிளப். முந்தைய சீஸனில் லா லிகாவில் நான்காம் இடம். அதனால் இந்த வருடமும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடியது. ஆனால் கோடையிலேயே கசோர்லாவை மலாகாவுக்கு விற்க வேண்டி வந்தது. அக்டோபரில் முன்கள ஆட்டக்காரர் ரோஸ்ஸியின் முழங்கால் போனது. மாற்று ஆள் வாங்க வசதி இல்லை. சாம்பியன்ஸ் லீக்கில் ஆறு ஆட்டமும் தோல்வி. கடைசி நாளில் ஒரு டிரா போதும், தப்பிவிடலாம். 88-வது நிமிடத்தில் அத்லெடிகோவின் ஃபல்காவோ தலையால் முட்டி கோல் போட்டார். இன்னொரு ஊரில், கூடுதல் நேரத்தில் ராயோவுக்காக டமூடோ கோல் போட்டார். 41 புள்ளியோடு வில்லாரியல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

ரியலுக்கு ஒரு ஆள் காயப்பட்டால் பெஞ்சில் இன்னொரு உலகத்தரம் உட்கார்ந்திருக்கும். வில்லாரியலுக்கு ஒரு முழங்கால் போனால் கிளப்பே போகும். டிவி பணத்தில் வித்தியாசம் என்றால் நடைமுறையில் இதுதான் அர்த்தம். (வில்லாரியல் 2013-ல் திரும்பி வந்தது, 2021-ல் யூரோப்பா லீக்கையே வென்றது. அது அந்த ஊர்க்காரர்களின் பெருமை, பாகம் பிரித்தவர்களின் பெருமை இல்லை.)

ராசிங் கதை இன்னும் மோசம். 2011 செப்டம்பரில் இதே ரியலை 0-0 என்று மடக்கிய அணி. சீஸன் முடிவில் கடைசி. 2014 ஜனவரியில், சம்பளம் வராத அதன் ஆட்டக்காரர்கள் கோப்பை ஆட்டம் தொடங்கியதும் நடு மைதானத்தில் கைகோர்த்து நின்று ஆட மறுத்தார்கள். ஆட்டம் அங்கேயே முடிந்தது.

"லெவான்டே? அத்லெடிகோ?"

விதிவிலக்குகளைக் காட்டுவார்கள். அந்த சீஸனில் வயசான ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு லெவான்டே ரியலை 1-0 என்று வென்றது, அக்டோபரில் பட்டியலில் முதலிடத்துக்கே வந்தது, ஆறாவதாக முடித்தது. அருமையான கதைதான். அதன் இறுதிப் புள்ளி 55. சாம்பியனுக்கு 45 புள்ளி பின்னால். 2013-14-ல் சிமியோனியின் அத்லெடிகோ கோப்பையே வென்றதே என்பார்கள். வென்றது, 2020-21-ல் மறுபடியும் வென்றது. 2004-05 முதல் 2024-25 வரை 21 சீஸன். பார்சிலோனா 12, ரியல் 7, அத்லெடிகோ 2. வேறு யாருக்கும் பூஜ்யம்.

இதற்கு முந்தைய ஐந்து வருடத்தைப் பாருங்கள். 2000-ல் டெபோர்டிவோ 69 புள்ளியில் சாம்பியன். 2002-லும் 2004-லும் வாலென்சியா. 69 புள்ளிக்குக் கோப்பை கிடைத்த லீக்கில், பன்னிரண்டு வருடம் கழித்து 91 புள்ளிக்கும் கிடைக்கவில்லை. அந்த டெபோர்டிவோவும் கடன் வாங்கித்தான் ஆடியது, 2013-ல் திவாலாகி, 2020-ல் மூன்றாம் டிவிஷனுக்குப் போனது என்பதும் உண்மைதான். இரண்டு பேரை எட்டிப் பிடிக்கக் கடன் ஒன்றே வழி என்று ஆகிவிட்டால், கடன் வாங்குகிறவனை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்?

சட்டம் வந்தது, ஆனால்...

கடைசியில் 2015 ஏப்ரலில் ஸ்பெயின் அரசே ஒரு ஆணை போட்டு டிவி உரிமையைக் கூட்டாக விற்க வைத்தது. முதல் டிவிஷன் பணத்தில் பாதி எல்லோருக்கும் சமம். மீதி, ஆட்டத் தேர்ச்சிக்கும் ரசிகர் செல்வாக்குக்கும். அதிகம் வாங்குகிறவன், குறைவாக வாங்குகிறவனை விட 4.5 மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. வருமானம் கூடக்கூட அது 3.5 மடங்காகக் குறைய வேண்டும். பிரீமியர் லீக்கோடு ஒப்பிட்டால் இதுவும் அதிகம்தான். ஆனாலும் வித்தியாசம் தெரிகிறது. 2012-ல் ரியலும் 2013-ல் பார்சிலோனாவும் தொட்ட அந்த 100 புள்ளியை அதன் பிறகு 2025 வரை யாரும் தொடவில்லை. அதற்கு இந்தச் சட்டம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சம்பந்தமே இல்லை என்று சொல்பவனை நம்பவும் முடியாது.

அந்த இரண்டு பேரும் திருந்தினார்களா? 2021 ஏப்ரலில் பன்னிரண்டு பணக்கார கிளப்புகள் சேர்ந்து சூப்பர் லீக் என்று தனிக்கடை போடக் கிளம்பியபோது ரியலும் பார்சிலோனாவும் முன்வரிசையில் நின்றன. அத்லெடிகோவும் கூடவே. இரண்டே நாளில் ரசிகர்கள் கடையை மூட வைத்தார்கள்.

மொரின்யோவின் அணி சாதாரண அணி என்று யாரும் சொல்லவில்லை. மெஸ்ஸியின் 50 கோலை யாரும் கழிக்கப் போவதில்லை. ஆனால் எடை போட்டவன் தராசில் கை வைத்துவிட்டு, "பார், எவ்வளவு கனம்!" என்றால் அதற்குக் கைதட்ட வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த முறை ராத்திரி இரண்டு மணிக்கு 50-ஆ 46-ஆ என்று சண்டை வந்தால், யாராவது ஒருத்தர் இடையில் புகுந்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். "அந்த வருஷம் மூணாவது வந்தது யாருடா, எத்தனை புள்ளி?"

பதில் தெரிந்தவன் இருந்தால் அவனோடு கால்பந்து பேசலாம்.