பட்டியலில் இல்லாத சாமி

'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டுக் கீழப்பழுவூருக்கு வருகிறவர்கள், பழுவேட்டரையர் அரண்மனை எங்கே இருந்தது என்று கேட்பார்கள். சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயிலில் செப்புத் திருமேனிகள் எத்தனை, அவற்றுக்குப் படத்தோடு பதிவேடு உண்டா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இதே அரியலூர் மாவட்டத்தில், கிழக்கே, ஸ்ரீபுரந்தான் பிருகதீஸ்வரர் கோயிலில் 2006-ல் திருட்டு நடந்தது. சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோக 2008-ல் ஆட்கள் வந்தபோதுதான் விஷயமே வெளியில் தெரிந்தது. அந்த ஆண்டில்தான் அங்கிருந்த நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர்.

தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் 1972-ல் வந்தது. நூறாண்டு கடந்த சிலையை மத்திய அரசோ அதன் அனுமதி பெற்ற அமைப்போ தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது அதன் 3-வது பிரிவு. கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சிலைகள் கைவினைப் பொருள் என்ற பெயரில் பெட்டியேறின. நேற்று வார்த்த வெண்கலத்தையும் சோழர் காலத்து வெண்கலத்தையும் ஒரு சுங்க அதிகாரி கண்ணால் பார்த்தே பிரித்துவிட முடியுமா? வாங்கியவருக்குக் காட்டிய காகிதமோ, 1970 வாக்கில் டெல்லியில் இருந்த ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரி வாங்கிய சிலை என்றது. சட்டம் பிறப்பதற்கு முந்தைய தேதி! கெட்டிக்காரத்தனமான பொய்.

அந்தப் பொய்யை உடைத்தது துறைமுகச் சோதனை அல்ல. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் எப்போதோ கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம். நடராஜர் 2014 செப்டம்பரில் திரும்பினார். அதே கோயிலிலிருந்து சிங்கப்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்த உமா பரமேஸ்வரி 2015-ல். யாரோ ஆராய்ச்சிக்காக எடுத்த படம் நம் சாமியைக் காப்பாற்றியது என்பதில் அரசு பெருமைப்பட ஒன்றுமில்லை.

1970-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையில் இந்தியா 1977-ல் சேர்ந்தது. அதன் 7-வது பிரிவு, கோயிலிலோ அருங்காட்சியகத்திலோ திருடிய பொருளை இறக்குமதி செய்வதைத் தடுக்கச் சொல்கிறது. கூடவே ஒரு நிபந்தனை: அந்தப் பொருள் அந்த இடத்தின் பட்டியலில் இருந்ததற்கு ஆவணம் வேண்டும். பட்டியலில் இல்லாத சாமிக்கு அந்தப் பிரிவால் பயனில்லை. அமெரிக்காவோடு 2024 ஜூலையில் கையெழுத்தான பண்பாட்டுச் சொத்து ஒப்பந்தம் நல்லதுதான். அதற்கும் சான்று நம் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே இந்து சமய அறநிலையத் துறை ஒவ்வொரு கோயிலின் உலோகத் திருமேனிக்கும் படப் பதிவேடு தயாரித்து, எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மாலை சாத்தி, பட்டு உடுத்தி எடுத்த படம் உதவாது. அலங்காரம் கலைத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, முன்னும் பின்னும், பீடத்தின் அடியும், திருவாசியில் ஒடிந்த சுடரும் தெரிய எடுக்க வேண்டும். ஒரு சிலையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தத் தேய்மானமும் வார்ப்புக் குறையும்தான். அந்தப் பதிவேடு சுங்கத் துறையின் மேசையிலும், தொன்மையற்றது என்று சான்று தரும் தொல்லியல் துறை நிபுணர்களின் மேசையிலும் இருக்க வேண்டும். சுவாமிமலை ஸ்தபதி நேர்மையாக வார்த்து அனுப்பும் சிலைக்கும் தேவையில்லாத அலைச்சல் குறையும்.

படத்தை வெளியிட்டால் திருடனுக்கு வழி காட்டியதாகாதா என்று துறைக்குள் சிலர் தயங்கலாம். ஸ்ரீபுரந்தானுக்கு வழி கண்டுபிடிக்கத் திருடர்களுக்கு நம் உதவி தேவைப்படவில்லை.

தண்டனையும் போதாது. ஏற்றுமதித் தடையை மீறினால் 1972 சட்டப்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரைதான் சிறை. நாடாளுமன்றம் இதை உயர்த்த வேண்டும். பதிவேட்டுக்கு நாடாளுமன்றம் தேவையில்லை. ஒரு கேமராவும் ஓர் அளவுகோலும் போதும். ஆலந்துறையார் கோயிலிலேயே தொடங்கலாம்.