சரக்கோடு ஊரையும் பாருங்கள்

நம் கண்டி வர்த்தகர்கள் வெளிநாடு போனால் பார்ப்பது மொத்தக் கடைகளையும் ஹோட்டல் அறையையும்தான். துபாயானாலும் சீனாவானாலும் இதே கதை. ஒருமுறையேனும் கிழக்கு ஆபிரிக்காவுக்கு, தான்சானியாவின் சன்சிபார் தீவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

கண்டி 1988இல் உலக மரபுரிமை நகரானது. சன்சிபாரின் கல் நகரம் 2000இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே தரஜானி சந்தையின் கராம்பு, கறுவா வாசம் மாத்தளைக் கடைத்தெருவை நினைவூட்டும். சுவாஹிலியில் கராம்புக்கு 'கரஃபூ', கணக்குக்கு 'ஹெசாபு', தேநீருக்கு 'சாய்'. மாலையானால் ஃபொரதானி கடலோரத் தோட்டத்தில் சுட்ட மீனும் கரும்புச் சாறும்.

இன்பத்தோடு பாடமும் உண்டு. அங்கு வாசனைத் திரவியத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவதே ஒரு தொழில். இலையைக் கசக்கி முகரவும், பட்டையைச் சுவைக்கவும் தருகிறார்கள். பயணி முதலில் காசு கொடுப்பது அந்த அனுபவத்துக்கு. சரக்கு வாங்குவது பிறகு.

நமது கண்டி–மாத்தளை வீதியிலோ பல தோட்டங்களில் பார்வை இலவசம். வழிகாட்டியின் கமிஷன் எண்ணெய்ப் போத்தலின் விலையில் ஏறிவிடுகிறது. அதே பொருளை நகரக் கடையில் குறைந்த விலைக்குக் காணும் பயணி, அடுத்த கடைக்காரரையும் நம்பமாட்டார்.

சுற்றிக் காட்டக் கட்டணம் வாங்குவோம். பொருளுக்கு விலைச்சீட்டு ஒட்டுவோம். ஒரு போத்தலில் கிடைக்கும் இலாபத்தைவிட ஊரின் பெயர் பெரிது.