குடியிருப்போரோடு விற்கப்படும் வீடுகள்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஆந்திரத்தின் சத்தியவேடு, வரதையபாளையம், தடா பகுதிகளில் வாடகைக்கு ஆள் இருக்கும்போதே வீடுகள் கைமாறுவது குறித்து, செயற்குழு கூடி எடுத்த நிலைப்பாடு இது. நடந்தவை உறுப்பினர்களுக்குத் தெரியும். வீடு விற்பதையோ வாங்குவதையோ நாங்கள் எதிர்க்கவில்லை. கிரயம் முடிந்த கையோடு புது ஓனர் "அட்வான்ஸை உங்களிடம் வாங்கியவரையே கேளுங்கள்" என்கிறார். பழைய ஓனரோ "வீடே என்னுடையதில்லையே" என்கிறார். இந்தப் பந்தாட்டத்தைத்தான் எதிர்க்கிறோம்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 109-ஆம் பிரிவில் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. வாங்கியவருக்கு வாடகை பெறும் உரிமை உண்டு. குடியிருப்பவர் விரும்பினால் வீட்டைச் சார்ந்த பழைய பொறுப்புகளும் வாங்கியவரைச் சேரும். குடியிருப்பவர் அப்படி விரும்பாதவரை, விற்றதை மட்டும் காட்டி விற்றவர் கழன்றுகொள்ள முடியாது. அட்வான்ஸ் அந்தப் பொறுப்புகளில் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். அடங்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அடங்காது என்றே வைத்துக்கொண்டாலும் கடன் விற்றவர் தலையில் நிற்கும். இரண்டு பேருமே பொறுப்பில்லை என்று சொல்ல மட்டும் இடமில்லை. உழைத்துச் சேர்த்த பணம், யாருடைய தர்மமும் அல்ல! வீடு விற்றது தெரியாமல் பழைய ஓனருக்குக் கட்டிய வாடகையைப் புதியவர் மறுபடி கேட்கவும் அதே பிரிவு இடம் தரவில்லை.

"வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லையே" என்கிறார்கள். எல்லோரும் 11 மாத அக்ரிமென்ட் போட்டுப் பதியாமலே விடுகிறார்கள். பதியாதது சான்றில் எப்படி வரும்? குடியிருப்பவருக்கு உள்ள உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டத்தின் 3-ஆம் பிரிவு கொள்கிறது. மாடியில் கம்பெனி யூனிஃபார்ம் காய்கிறது, வாசலில் ஷிப்ட் முடிந்து வந்தவர்களின் செருப்புகள் கிடக்கின்றன. ஆள் இருப்பதே தெரியாது என்றால் யார் நம்புவது? சொந்தமாகக் குடிவர வாங்கியவரின் தேவை நியாயமானதே. ஒப்பந்தக் காலம் முடியட்டும். மாத வாடகை என்றால் 106-ஆம் பிரிவுப்படி 15 நாள் நோட்டீஸ் கொடுக்கட்டும். 15 நாள் போதாது என்று செயற்குழுவில் பலர் சொன்னார்கள். இயன்றவரை இரண்டு மாதம் கேட்பது என்று ஒத்துக்கொண்டோம். நோட்டீஸே இல்லாமல் மோட்டாரை நிறுத்துவதும் கரண்ட்டைப் பிடுங்குவதும் ரவுடித்தனம். வேறு மென்மையான சொல் போடச் சொன்னார்கள், கிடைக்கவில்லை. அனுமதிக் காலம் முடிந்தவரைக்கூடச் சட்டவழியன்றி வெளியேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே கிருஷ்ண ராம் மஹாலே வழக்கில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் எல்லை ஊரான ஆரம்பாக்கத்தோடு நின்றுவிடும். அதைக் காட்டி இங்கே வாதாட வேண்டாம்.

கிரயத்துக்கு முன்பே விற்பவர், வாங்குபவர், குடியிருப்பவர் மூவரும் அட்வான்ஸ் தொகையை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தொகையை வாங்குபவர் விலையில் கழித்துக்கொள்ளலாம். இதில் யாருக்கும் காலணா நஷ்டமில்லை. அட்வான்ஸை வாடகையில் கழிப்பது பற்றிச் செயற்குழுவில் உடன்பாடு எட்டவில்லை. ஆகவே உறுப்பினர்கள் வாடகையை வங்கி வழியே தவறாமல் கட்டி வரவும். வீடு விற்ற செய்தியை எழுத்தில் கேட்டு வாங்கவும். அட்வான்ஸ் கைக்கு வராமல் "காலி செய்துவிட்டேன், பாக்கி ஏதுமில்லை" என்ற தாளில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.