அயல்நாட்டுக் கொள்கையும் நம் மண்ணும்

புரட்சிக் கொள்கைகள் ஆப்பிரிக்காவிலும் நம் நாட்டிலும் வேரூன்றாமைக்கு அவை அயல்நாட்டிற் பிறந்தமையே காரணம் என்று கூறுவார் உளர். யாம் அதனை ஒப்புக்கொள்ளோம். அயலானதெல்லாம் நிலைபெறாதெனின், திருநெல்வேலிச் சீமையிற் கிறிஸ்து மார்க்கம் நிலைபெற்றது யாங்ஙனம்? துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்கு 1799-இல் முதலூர் என்னும் புகலிடம் கிடைத்தது. ஜான் பனியன் எழுதிய ஆங்கிலக் கதை, கரையிருப்புக் கிருஷ்ண பிள்ளையின் கையில் 'இரட்சணிய யாத்திரிகம்' எனத் தமிழ்க் காப்பியமாயிற்று. (சாதியும் உடன் கோயிலுக்குட் புகுந்தது, அது வேறு கதை.)

உள்ளூர்ப் பெயர் சூட்டிவிட்டாலும் போதாது. தான்சானியாவின் நைரேரே 1962-இல் தம் சமதர்மத்திற்கு 'உஜாமா', அதாவது குடும்பப் பாங்கு, என்னும் சுவாகிலிப் பெயரை இட்டார். எழுபதுகளிற் குடியானவரை வலிந்து புது ஊர்களுக்குப் பெயர்த்தபோது, அவர்கள் அதனைத் தமதாகக் கொண்டிலர்.

கீழ்த்தஞ்சையில் நிகழ்ந்தது இதற்கு மாறு. 1943 முதற் பண்ணையாட்களைத் திரட்டிய பி. சீனிவாசராவ் கன்னட நாட்டார். அவர் ஏந்திய செங்கொடியோ ஐரோப்பாவினது. ஆயினும் அவர் முதற்கண் எதிர்த்தவை சவுக்கடியும் சாணிப்பாலும். கூலியாள் என்பதோடு தாழ்த்தப்பட்ட குலத்தான் என்பதற்காகவும் அவன் அடிக்கப்பட்டான் என்பதை அச்சங்கம் கண்டது. 1968-இல் கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையான பின்னும் அக்கொடி அங்கே சாயவில்லை.

இனி நம் மாஞ்சோலையை நோக்குக. சிங்கம்பட்டி ஜமீன் காட்டில் 8,000 ஏக்கருக்கு மேல் 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகையாயிற்று. ஒரே முதலாளி, ஒரே தேயிலைக் கூடை, வரிசை வரிசையாய் லைன் வீடுகள்: வர்க்கக் கொள்கை தழைக்க இதனினும் ஏற்ற இடம் யாது? ஆயினும் 1998-இல் தொழிலாளர் பலர் பழைய சங்கங்களை நீங்கி, தேவேந்திர குலத்தாரிடைத் தோன்றிய புதிய தமிழகத்தைச் சார்ந்தனர். கற்றார் சிலர் இதனைச் சாதியுணர்ச்சி என்று இகழ்வர். எமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. மலைமேற் கூலியாளாய் இருப்பவன் கீழே இறங்கியதும் குலத்தாலேயே அறியப்படுகிறான். கூலியை மட்டும் பேசும் சங்கம் அவனிற் பாதியோடுதான் பேசுகிறது.

அவர்கள் கூலி உயர்வும், சிறைப்பட்ட தோழர் விடுதலையும் வேண்டி, 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றனர். போலீசார் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணியில் இறங்கியோருட் பதினேழு பேர் மாண்டனர். ஒரு குழந்தையும் அதில் அடக்கம்.

2024-இல் கம்பெனி தொழிலை நிறுத்தி அவர்களை மலையினின்றும் இறங்கச் சொல்லிற்று. தலைமுறைகளாய் வாழ்ந்த வீடு அவர்க்குச் சொந்தமன்று. கீழே எவ்வூரில், எவர்க்கு அண்டையில் மனை கேட்பது என்பது அவர்தம் வினா. இதற்கு விடையை எக்கட்சியின் கொள்கை நூலிலும் யாம் காணவில்லை.