போதை மீட்பு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும்

ஹெராயின், அபின், சில வலிநிவாரண மாத்திரைகள் ஆகிய ஓபியாய்டு வகைப் போதைக்கு நம்பகமான மருந்து இருக்கிறது. நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடும் பியூப்ரெனார்பின் மாத்திரைதான் அது. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் இந்தியாவில் அது சாதாரண மருந்துக் கடைகளில் கிடைக்காது. போதை மீட்பு வசதியுள்ள மையங்களுக்கு மட்டுமே விற்கப்படுகிறது. அந்த மையங்களோ பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கின்றன.

2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்படும் இந்தியர்கள் ஏறக்குறைய 77 லட்சம் பேர். கிராமங்களின் நிலையைப் பஞ்சாப் தெளிவாகக் காட்டுகிறது. அங்கு 2015-இல் நடந்த ஆய்வில், அடிமையானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கிராமத்தினர். விட்டுவிட முயன்றவர்கள் சுமார் 80 விழுக்காடு. ஏதேனும் உதவி கிடைத்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கே. இவர்களுக்கு மன உறுதி இல்லை என்று பழிப்பது அநியாயம். முயன்றவர்களுக்குக் கைகொடுக்க ஆள் இல்லை என்பதே உண்மை.

பியூப்ரெனார்பின் மூளையில் ஹெராயின் பற்றும் அதே இடத்தைப் பற்றிக்கொள்கிறது. உடல்வலி, நடுக்கம், தூக்கமின்மை போன்ற விலகல் வேதனைகளைத் தணிக்கிறது. ஓர் அளவுக்கு மேல் அதன் விளைவு கூடுவதில்லை என்பதால், மூச்சடங்கும் ஆபத்து ஹெராயினைவிட மிகக் குறைவு. ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை’ என்ற குற்றச்சாட்டு இங்கேதான் பிழைபடுகிறது. இம்மருந்தை ஒழுங்காக எடுப்பவர் வயலுக்குப் போகிறார், வண்டி ஓட்டுகிறார், குடும்பம் நடத்துகிறார். மாறாக, மையத்தில் சில வாரம் அடைத்துவைத்து, தொடர் மருந்தின்றி அனுப்பப்படுபவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்திருக்கும். மீண்டும் அதே அளவை ஏற்றினால் உயிரே போகலாம்.

பஞ்சாப் அரசு இம்மருந்தை வழங்கப் புறநோயாளி மையங்களைத் தொடங்கியது. பின்னர் அவற்றின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. தொடக்கத்தில் நோயாளி அன்றாடம் மையத்துக்கு வந்து ஊழியர் முன்னிலையில் மாத்திரையை எடுக்க வேண்டியிருந்தது. தினக்கூலிக்கு இது ஒவ்வொரு நாளும் அரைநாள் சம்பள இழப்பு. கொரோனா ஊரடங்கில் இரண்டு வார மாத்திரைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியபோது புதிதாகப் பதிவு செய்தோர் பெருகினர். கடத்தல் வழிகள் அடைபட்டதும் இதற்கு ஒரு காரணம்; ஆனாலும் அலைச்சல் குறைந்தால் நோயாளி வருவார் என்பது தெளிவானது.

வீட்டுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு பகுதி கள்ளச் சந்தைக்குப் போகிறது என்ற கவலை பொய்யல்ல. ஊசி வழியே ஏற்றுவதைத் தடுக்கத்தான் மாத்திரையில் நலாக்சோன் என்ற எதிர்மருந்து சேர்க்கப்படுகிறது. பிரான்சு 1995-இல் எல்லாப் பொது மருத்துவர்களுக்கும் பியூப்ரெனார்பின் எழுதித்தரும் உரிமை வழங்கியது. அங்கும் கசிவு இருந்தது. ஆயினும் நான்கே ஆண்டுகளில் அளவுமீறிய போதையால் நேர்ந்த மரணங்கள் ஏறக்குறைய 80 விழுக்காடு குறைந்தன. கசிவுக்கு அஞ்சிக் கதவடைப்பதைவிடக் கணக்கைக் கண்காணிப்பதே அறிவுடைமை.

ஆகவே மத்திய, மாநில அரசுகள் இம்மருந்தை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்குள்ள மருத்துவர்களுக்கு உரிய பயிற்சி அளித்து, அதை எழுதித்தர அனுமதிக்க வேண்டும். மனநல மருத்துவர் தொலைபேசி வழியே துணைநிற்கலாம். நிலைபெற்ற நோயாளிக்கு வாரக்கணக்கில் மாத்திரை தர வேண்டும். பெயர் காவல் நிலையத்துக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் ஒதுங்குவோர் பலர். பெண்கள் இன்னும் அதிகமாக ஒதுங்குகிறார்கள். சிறிய அளவு போதைப்பொருளுடன் பிடிபட்டுத் தாமாகச் சிகிச்சைக்கு வருவோருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கிறது 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு. கிராமத்துச் செவிலியர் முதல் காவல் ஆய்வாளர் வரை அனைவரும் அதை அறிந்திருக்க வேண்டும். சிகிச்சைப் பதிவேடு காவல்துறையின் கைக்குப் போகாது என்ற உறுதியை அரசு எழுத்தில் தர வேண்டும்.