போத்தல் பூச்சாடிக்குக் கைதட்டல், ஷொப்பிங் பேக் பாயை யாரும் பார்க்கவில்லை

2025 நவம்பர் 1ஆம் திகதியிலிருந்து கடைகளில் ஷொப்பிங் பேக் இலவசம் இல்லை. அதன் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும், பற்றுச்சீட்டிலும் குறிப்பிட வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானி மூலம் பணித்தது. நல்ல விடயம்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பேக்கும் மீன் கொண்டு வந்த மறுநாள் குப்பைக்குத்தான் போகிறது. வீடுகளில் ஏற்கனவே கட்டுக் கட்டாகச் சேர்ந்து கிடப்பவற்றை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அண்மையில் எமது பகுதியில் நடந்த சுயதொழில் கண்காட்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். கழிவுப் பொருளில் கைவினை என்று தனிப் பகுதியே இருந்தது. மேசை முழுவதும் போத்தல்கள். பாதியாக வெட்டி, வர்ணம் பூசி, மினுமினுப்புத் தூள் ஒட்டிய பூச்சாடிகள், பேனை வைக்கும் கூடுகள், தொங்கும் அலங்கார விளக்குகள். அதிதிகள் அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசி மேசையில் ஒரு ராத்தா, ஷொப்பிங் பேக்குகளைக் கீலம் கீலமாக வெட்டிப் பின்னிய ஒரு பாயையும் இரண்டு கூடைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் ஆட்களே இல்லை.

கைதட்டல் தவறான மேசைக்குப் போய்விட்டது என்பதுதான் என் அபிப்பிராயம்.

தண்ணீர்ப் போத்தலுக்கு இந்த நாட்டில் ஏற்கனவே ஒரு சந்தை இருக்கிறது. பழைய சாமான் வாங்குபவர் அதை நிறுத்து எடுத்துப் போகிறார். அது அரைக்கப்பட்டு, உருக்கப்பட்டு, தும்புத்தடியின் இழையாகவும் துணி நூலாகவும் மாறுகிறது. 2019 உலகக் கிண்ணத்தில் எமது கிரிக்கெட் அணி அணிந்த ஆடையே கரையோரத்தில் பொறுக்கிய பிளாஸ்டிக்கிலிருந்து வந்த நூலில் செய்யப்பட்டதுதான். அதே போத்தலில் வர்ணமும் பசையும் தூளும் பூசினால் அதை மீள்சுழற்சிக்கு எடுப்பது கடினம். மூன்று மாதம் அலுமாரியின் மேல் தூசி பிடித்த பிறகு பூச்சாடி குப்பைக்குப் போகும். விலை போகக்கூடிய ஒரு பொருளை நாமே விலை போகாத பொருளாக்கிவிட்டு அதற்குச் சான்றிதழும் கொடுக்கிறோம்.

ஷொப்பிங் பேக்கின் கதை வேறு. மெல்லியது, நிறையில்லாதது, மீன் நீரும் எண்ணெயும் பட்டது. பழைய சாமான்காரர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. காற்றில் பறந்து வடிகானை அடைக்கிறது, அல்லது குப்பை மேட்டுக்குப் போகிறது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பொலித்தீனைத் தின்னும் படங்களை உலகமே பார்த்தது. எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் அங்கு பிளாஸ்டிக் தின்று இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. அங்கே போய்ச் சேர்வது எங்கோ தூரத்து நகரத்தின் குப்பையல்ல, எமது கரையோர ஊர்களின் குப்பை. உழ்ஹிய்யா இறைச்சியையும் நோன்புக் கஞ்சியையும் நாம் எதில் கட்டிக் கொடுக்கிறோம் என்று யோசித்தால் போதும்.

ஆகவே கைவேலை என்று ஒன்று இருக்குமானால் அது யாரும் வாங்காத இந்தப் பொலித்தீனைத்தான் தொட வேண்டும். செய்முறை பெரிய வித்தையல்ல. பேக்கைக் கழுவி நிழலில் காயவைத்து, கைபிடியையும் அடிப்பக்கத் தையலையும் வெட்டி நீக்கி, குறுக்காக இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டினால் வளையங்கள் கிடைக்கும். அவற்றை ஒன்றோடொன்று கொளுவினால் நீண்ட நூல். கொக்கி ஊசியால் பின்னலாம். ஆளுயரப் பாய் ஒன்றுக்கு 500 முதல் 700 பேக்குகள் வரை பிடிக்கும். இந்தியாவின் புனே நகரில் இதையே இராட்டையில் சுற்றி, கைத்தறியில் ஊடு நூலாகக் கொடுத்துத் துணி போல நெய்து பைகள் தைக்கிறார்கள். தறிக்கு நாம் புனே போக வேண்டியதில்லை, மருதமுனையில் இருக்கிறது. பன்பாய் இழைத்த பெண்கள் கிழக்கின் பல ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களது கை இதற்குப் புதிதாகப் பழக வேண்டியது மிகக் குறைவு.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். பொலித்தீனைச் சட்டியில் உருக்கி மணலோடு கலந்து பூச்சட்டி வார்க்கும் காணொளிகள் கைபேசிகளில் சுற்றுகின்றன. குசினியில் அதைச் செய்யவே கூடாது. எந்தப் பிளாஸ்டிக் எது என்று தெரியாமல் சூடாக்கும்போது பிவிசி கலந்துவிட்டால் எழும் புகை நுரையீரலை அரிக்கும், எரிந்தால் டயொக்சினும் சேரும். வீட்டில் வெட்டலாம், பின்னலாம், நெய்யலாம். அடுப்பில் ஏற்ற வேண்டாம். பின்னிய பொருளையும் வெயிலில் போட்டு வைக்கக்கூடாது. பொலித்தீன் வெயிலில் நொறுங்கித் தூளாகி மண்ணில் கலக்கும்.

உண்மையான சிக்கல் விலை. நான் அந்த மேசையருகே நின்றபோது ஒருவர் வந்து பாயைத் தூக்கிப் பார்த்தார். விலையைக் கேட்டதும், "ஏன் ராத்தா, குப்பையில செஞ்ச சாமானுக்கு இவ்வளவு காசா?" என்றார். ராத்தா பதில் சொல்லவில்லை. அவர் கேட்ட தொகையை அவர் பின்னிய நாட்களால் வகுத்தால் ஒரு கூலியாளின் நாட்கூலியில் பாதிகூட வராது. மூலப்பொருள் இலவசம் என்பதால் உழைப்பும் இலவசம் என்று நினைக்கிறோம். இந்த நினைப்பு மாறாமல் எத்தனை பயிற்சி நெறி வைத்தாலும் பயனில்லை. பயிற்சி முடிந்ததும் ஒரு குழுப் படம், அதன் பிறகு அந்தப் பெண்களிடம் யாரும் ஒரு கூடைகூடக் கேட்பதில்லை.

வாங்குபவரை முதலில் தேட வேண்டும். என் கண்ணுக்குத் தெரிவது பள்ளிவாசல்கள். வுழூச் செய்யும் இடத்தில் நாம் போடும் சணல், துணிக் கால்மிதிகள் ஈரத்தில் ஊறி நாற்றமெடுக்கின்றன. பொலித்தீன் பின்னல் ஊறாது, உதறினால் தண்ணீர் போய்விடும், அங்கே வெயிலும் படாது. ஒரு ஊரில் பத்துப் பள்ளிவாசல்கள் ஆளுக்கு ஐந்து கால்மிதி வாங்கினால் அதுவே சில குடும்பங்களுக்குச் சில மாத வேலை. ஸகாத்திலோ ஸதகாவிலோ அல்ல, பராமரிப்புச் செலவில் விலை கொடுத்து வாங்க வேண்டும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று குத்பாக்களில் கேட்கிறோம். அகற்றுகிறவருக்கு அதற்குரிய கூலியையும் கொடுக்கலாமே.

கண்காட்சி முடிந்து மேசைகளை அடுக்கும்போது ராத்தாவிடம் பேசினேன். பாய் விற்கவில்லை. பத்துக் கால்மிதிக்கு ஓடர் வந்தால் எத்தனை நாளில் தருவீர்கள் என்று கேட்டேன். பாயைச் சுருட்டியபடியே, "நான் மட்டும் எண்டா ஒரு மாசம் போகும் தம்பி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரெண்டு பேரையும் சேத்தா ரெண்டு கிழமை. பேக்கை மட்டும் கழுவித் தரச் சொல்லுங்க" என்றார்.